பவர் சப்ளையை மாற்ற முன்னம்: அறிகுறியை வைத்துப் பிழை பிடித்தல்

கொம்பியூட்டர் எழும்பவில்லை என்றால் எல்லாருடைய கையும் முதலில் பவர் சப்ளைப் பக்கம்தான் நீளும். ரவுணுக்குப் போய் மலிவாக ஒன்று வாங்கிப் பூட்டுவார்கள். ஒரு கிழமையில் அதே கரைச்சல் திரும்பவும் வரும். பிழை சுவரில் இருந்திருக்கும், அல்லது மதர்போட்டில் இருந்திருக்கும். இல்லாவிட்டால் கழற்றியதை விட மோசமான ஒன்றைப் புதிதென்று பூட்டியிருப்பார்கள். அளந்து பார்க்காமல் மாற்றுவதால் வரும் வினைதான் இது. கடையில் கிடைக்கும் ஆக மலிவான டிஜிட்டல் மல்ரிமீற்றரே இந்த வேலைக்குப் போதும். அதோடு ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு பேப்பர் கிளிப்பும் இருந்தால் சரி.

கேசிங்கைத் திறக்கலாம். அதற்குள் இருக்கும் பவர் சப்ளைத் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டாம். சுவரில் இருந்து வரும் 230 வோல்ற் அதற்குள் நேர்மின்னாக (டி.சி) மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ற் ஆகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிற்றருக்குள் அது கொஞ்ச நேரம் நிற்கும். கீழே சொல்லும் எல்லா அளவையும் வெளியே வரும் வயர்களில் எடுக்கலாம்.

வயர் நிறங்களைப் பாடமாக்கி வைத்திருங்கள்: மஞ்சள் 12 வோல்ற், சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3, கறுப்பு பூச்சியம். ஊதா வயரில் 5 வோல்ற் எப்போதும் இருக்கும், கொம்பியூட்டர் நிறுத்தப்பட்டிருந்தாலும் கூட. பச்சை வயர், மதர்போட் பவர் சப்ளைக்கு "எழும்பு" என்று சொல்லும் வயர். சாம்பல் வயர், எல்லா வோல்ற்றும் சரியாக வந்துவிட்டது என்று பவர் சப்ளை திருப்பிச் சொல்லும் வயர். 12, 5, 3.3 மூன்றிலும் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 என்பது 11.4 முதல் 12.6 வரை, 5 என்பது 4.75 முதல் 5.25 வரை, 3.3 என்பது 3.14 முதல் 3.47 வரை. இதற்கு வெளியே போனால் பிழை. இதற்குள் இருந்தால் சரி என்று இன்னும் சொல்லிவிட முடியாது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

இப்போது வரும் கேபிள்களில் எல்லா வயரும் கறுப்பு. அப்படியென்றால் மதர்போட்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஒரு துளை வெறுமையாக இருக்கும் வரிசையைப் பாருங்கள். வெறுந்துளைக்கு ஒரு பக்கம் 4 பின்னும் மற்றப் பக்கம் 7 பின்னும் இருக்கும். அந்த 7 பின்னில் நட்ட நடுவில் நிற்பதுதான் பச்சை. அதற்கு இரண்டு பக்கமும் உள்ளவை பூச்சிய வயர்கள்.

ஒரு சத்தமும் இல்லை, லைற்றும் இல்லை

சுவரில் இருந்து தொடங்குங்கள். அதே பிளக் பொயின்ற்றில் மேசை விளக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சதுரக்கால் 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. அது போனதைக் கவனிக்காமல் மதர்போட் வரை மாற்றியவர்கள் உண்டு. கொம்பியூட்டர் வயருக்கு 5 அம்பியர் பியூஸ் போதும். பவர் கோட்டை மொனிற்றரின் கோட்டோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னும் சுலபம், இரண்டும் ஒரே மாதிரியானவை. பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிச் "I" என்ற குறி உள்ள பக்கம் அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். துடைக்கும்போது கைபட்டு நின்றிருக்கலாம்.

அதெல்லாம் சரி என்றால் கோட்டைக் கழற்றி, முன்பக்கப் பொத்தானை 15 செக்கன் அமத்திப் பிடித்து, ஐந்து நிமிசம் விட்டுத் திரும்பப் போடுங்கள். இடி மின்னலில் அல்லது வோல்ற்றேஜ் துள்ளியதில் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருந்தால் இதில் விடுபடும்.

இனி மீற்றர். நேர்மின் 20 வோல்ற் அளவில் வையுங்கள். 24 பின் கனெக்டர் மதர்போட்டில் கொழுவியபடியே இருக்கட்டும். கறுப்பு முனையைக் கேசிங்கின் பெயின்ற் இல்லாத இரும்பில் தொட்டு, சிவப்பு முனையை ஊதா வயர் போகும் துளையில் பின்பக்கமாக மெல்ல விடுங்கள். 5 வோல்ற் வரவேண்டும். பூச்சியம் வந்தால் உடனே பவர் சப்ளையைக் குற்றம் சொல்ல வேண்டாம். கனெக்டரைக் கழற்றிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். இப்போது 5 வந்தால், அதை இழுத்து வீழ்த்துவது மதர்போட்டில் உள்ள ஷோட் (குறுக்குச் சுற்று). இப்போதும் பூச்சியம்தான் என்றால் பவர் சப்ளை போய்விட்டது.

ஊதா சரி, ஆனாலும் எழும்பவில்லை என்றால் மீற்றரைப் பச்சைக்கு மாற்றி, இன்னொருவரை முன்பக்கப் பொத்தானை அமத்தச் சொல்லுங்கள். அமத்த முன்னம் பச்சையில் 2 வோல்ற்றுக்கு மேல் நிற்கும், பெரும்பாலும் 5க்குக் கிட்ட. அமத்தியவுடன் பூச்சியத்துக்குக் கிட்ட விழவேண்டும். விழவில்லை என்றால் பொத்தானோ அதன் வயரோ மதர்போட்டோதான் பிழை. பொத்தான் வயரைக் கழற்றி, மதர்போட்டில் அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவரால் ஒரு கணம் தொடுத்துப் பாருங்கள். பச்சை விழுகிறது, ஆனால் மஞ்சளில் ஒன்றும் வரவில்லை என்றால் பிழை பவர் சப்ளையில், அல்லது அதை எழும்ப விடாமல் அமத்தும் ஷோட்டில். இந்த ஒரு அளவீடு கடைக்காரரின் பாதி ஊகத்தை மிச்சப்படுத்தும்.

பேப்பர் கிளிப் சோதனை பற்றி எல்லாருக்கும் தெரியும்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் கிளிப்பால் தொடுத்தால் விசிறி சுற்றும். விசிறி சுற்றினால் பவர் சப்ளை நல்லது என்று முடிவு கட்டுவதுதான் பிழை. ஒன்றும் இழுக்காதபோது நொண்டிக் குதிரையும் நிமிர்ந்துதான் நிற்கும். விசிறி சுற்றவில்லை என்றாலும் தீர்ப்பு எழுதவேண்டாம், சில நல்ல பவர் சப்ளைகளில் சுமை ஏறும் வரை விசிறி சுற்றாது.

எழும்பி உடனே படுக்குது

விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றால், பவர் சப்ளை எங்கோ ஷோட்டைக் கண்டு தன்னை மூடிக்கொள்கிறது. பெரும்பாலும் பவர் சப்ளை நல்ல நிலையில் இருப்பதற்கான அடையாளம் அது. கோட்டைக் கழற்றிவிட்டு ஹாட் டிஸ்க், டிவிடி, கிராபிக்ஸ் காட், முன்பக்க யூ.எஸ்.பி வயர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முன்பக்க யூ.எஸ்.பி துளைக்குள் நாக்கு வளைந்து பின்கள் ஒன்றோடொன்று முட்டுவது வெகு சாதாரணம். மதர்போட்டைப் புதிதாகப் பூட்டிய பிறகு வந்த கரைச்சல் என்றால், அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் கழற்றியும் அதே துடிப்பு என்றால் புரொசசருக்குப் போகும் 4 அல்லது 8 பின் கேபிளைக் கழற்றுங்கள். அதைக் கழற்றியவுடன் விசிறி தொடர்ந்து சுற்றினால் புரொசசருக்கு மின் கொடுக்கும் மொஸ்பெற்றில் ஷோட், மதர்போட் திருத்தத்துக்குப் போகவேண்டும்.

காலமையிலை எழும்பாது, நாலு தரம் அமத்தினால் எழும்பும்

கப்பாசிற்றர் கிழடு தட்டிவிட்டது. ஊதா வயரின் 5 வோல்ற்றை உண்டாக்கும் சின்னச் சுற்று 24 மணி நேரமும் வேலை செய்கிறது. சுவிச்சை நிறுத்தாமல் விட்டால் இரவு முழுக்கவும். வெப்பம் 10 பாகை கூட, எலெக்ரொலிற்றிக் கப்பாசிற்றரின் ஆயுள் பாதியாகும் என்பது எஞ்சினியர்மாரின் கணக்கு. தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் இருக்கும் பெட்டிக்கு இது எப்படி முடியும் என்று விளங்கும். சூடேறினால் அது கொஞ்சம் வேலை செய்யும், அதனால்தான் நாலாம் தரம் எழும்புகிறது. மாற்றுவதுதான் வழி. "எழும்புதுதானே" என்று இழுத்துக்கொண்டே போனால் ஒருநாள் ஊதாவில் 5க்கு மேல் ஏறி மதர்போட்டையும் கொண்டுபோகும்.

கேம் விளையாடேக்கை ரீஸ்ராற் ஆகுது

முதலில் சூட்டைப் பாருங்கள். புரொசசர் வெப்பம் 95, 100 பாகையைத் தொட்டு நின்றால் அது பவர் சப்ளையின் கதை அல்ல. சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னல் திறந்த அறையில் ஹீட் சிங்கில் செம்மண் அடைந்துவிடும். துடைத்தால் தீரும். வெளியில் இருந்து காற்று ஊதும்போது விசிறியை ஈர்க்கால் தடுத்துப் பிடியுங்கள், அது தாறுமாறாகச் சுற்றினால் போல்பெயரிங் போகும்.

வெப்பம் சரி என்றால் மஞ்சளை அளக்கவேண்டும். பழைய பெரிய நாலு பின் கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையில் மீற்றரை வைத்துக்கொண்டு கேமை ஓடவிடுங்கள். சும்மா நிற்கும்போது 12.1 காட்டி, சுமை ஏற 11.4க்குக் கீழே போனால் சந்தேகமே இல்லை. ஆனால் மீற்றர் செக்கனுக்குச் சில தரம்தான் பார்க்கும். கிராபிக்ஸ் காட் மில்லி செக்கன் கணக்கில் தன் வழமையான அளவைப் போல இரண்டு மடங்குகூட இழுக்கும். அந்தச் சரிவு மீற்றரில் தெரியாது. ஆகவே 11.9 காட்டினாலும் பவர் சப்ளை நிரபராதி என்று ஆகாது. நல்லதென்று தெரிந்த ஒன்றைக் கடன் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

விண்டோசின் நிகழ்வுப் பதிவில் 41ஆம் எண் பிழை இருக்கிறது, ஆகவே பவர் சப்ளைதான் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பதிவு சொல்வது ஒழுங்காக நிறுத்தப்படாமல் நின்றது என்பதை மட்டுமே. நீங்கள் பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும்.

கரண்ட் போற நேரம் யூ.பி.எஸ் இருந்தும் நிக்குது

இங்கே இரண்டு பேரில் ஒருவர் கள்ளன். வீட்டு யூ.பி.எஸ் சுவர் மின்னில் இருந்து பற்றரிக்கு மாறச் சில மில்லி செக்கன் எடுக்கும், பொதுவாக 10க்குள். நல்ல பவர் சப்ளை முழுச் சுமையிலும் 16, 17 மில்லி செக்கன் மூச்சைப் பிடித்திருக்கும். கப்பாசிற்றர் வற்றியது, அல்லது தொடக்கத்திலேயே சின்னதாகப் போட்டுச் செய்த மலிவானது, அவ்வளவு தாங்காது.

யார் கள்ளன் என்று பிடிக்க, யூ.பி.எஸ்சில் கொம்பியூட்டருக்குப் பதிலாக 60 அல்லது 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைப் பூட்டி, யூ.பி.எஸ்சின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். பல்ப் அணைந்தால் யூ.பி.எஸ் பற்றரி முடிந்தது. பல்ப் ஒரு கண் சிமிட்டிவிட்டு எரிந்துகொண்டே இருந்தால், கொம்பியூட்டரின் பவர் சப்ளையைப் பாருங்கள். யூ.பி.எஸ்சின் வி.ஏ. எண்ணையும் நம்பவேண்டாம். 650 வி.ஏ. என்பது அநேகமாக 360 முதல் 390 வாற் வரைதான், அந்த வாற் எண் பின்பக்கத்தில் சிறிதாக எழுதியிருக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மலிவான யூ.பி.எஸ் பற்றரியில் ஓடும்போது தருவது படிக்கட்டுப் போன்ற அலை. பி.எஃப்.சி (மின்திறன் காரணித் திருத்தம்) உள்ள நல்ல பவர் சப்ளைகளில் சிலவற்றுக்கு அது ஒத்துவராது, யூ.பி.எஸ் கத்தி நின்றுவிடும். தூய சைன் அலை தரும் யூ.பி.எஸ் வேண்டும், அல்லது வாற் அளவில் நன்றாகப் பெரிதாக எடுக்கவேண்டும்.

கரண்ட் போகாமலே, தண்ணி மோட்டர் போடும் நேரம் மட்டும் ரீஸ்ராற் ஆகிறதா? மோட்டர் எழும்பும் கணத்தில் வீட்டு வோல்ற்றேஜ் சரிகிறது. பவர் சப்ளையின் லேபிளில் 100–240 என்று இருந்தால் அது இந்தச் சரிவைப் பொறுக்கும். 200–240 என்று மட்டும் இருப்பது பொறுக்காது.

கேசிங்கிலை கை வைச்சால் "கிர்" எண்டுது

யாழ்ப்பாணத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கும் முறைப்பாடு இதுவாகத்தான் இருக்கும். பவர் சப்ளை பழுதில்லை, எர்த் இல்லை. ஒவ்வொரு பவர் சப்ளையின் வாசலிலும் இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள், ஒன்று லைவில் இருந்தும் மற்றது நியூற்றலில் இருந்தும், கேசிங் இரும்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் 230இன் பாதியில், 115 வோல்ற் அளவில் மிதக்கும். தொட்டால் ரெஸ்ரரின் லைற் எரியும். ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னோட்டம் இல்லை, ஆனால் அந்த நிலையில் ரீவியின் எச்.டி.எம்.ஐ வயரைக் கொழுவினால் அந்த வயர் போகும் துளை எரிந்துபோகலாம்.

எர்த் எங்கே அறுகிறது? பெரும்பாலும் பிளக்கில். கொம்பியூட்டரோடு வரும் கோட் பல வேளை ஐரோப்பியப் பிளக் கொண்டது: இரண்டு உருண்டைக் கால், எர்த்துக்குப் பக்கவாட்டில் இரண்டு தகட்டுப் பட்டி. எல்லாப் பிளக்கும் போகும் என்று விற்கும் மல்ரி பிளக்கில் அது இறுக்கமாகப் போகும், ஆனால் பக்கத் தகட்டைத் தொட அங்கே ஒன்றும் இல்லை. கோட்டை 13 அம்பியர் சதுரக்கால் பிளக் உள்ளதாக மாற்றுங்கள். 5 அம்பியர் உருண்டை மூன்று கால் பொயின்ற் உள்ள பழைய வீடென்றால் அதற்கு ஏற்ற மூன்று கால் பிளக்கைப் பூட்டுங்கள், எர்த் காலை வெட்டிவிட்டுச் செருக வேண்டாம்.

பிளக் சரியாக இருந்தும் கை கடித்தால் எர்த் கம்பியைப் பாருங்கள். சுண்ணக்கல்லின் மேல் நாலு அடி மண் உள்ள காணியில், ஆவணி வெயிலில் மண் காய்ந்தால் எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். வாழைப்பாத்திப் பக்கம், எப்போதும் ஈரம் ஊறும் இடத்தில் கம்பி இறங்கியிருந்தால் அந்தத் தொல்லை குறைவு. கம்பியின் தலையில் வயரைப் பிடிக்கும் கிளாம்ப் கறள் பிடித்திருந்தாலும் இதே கதைதான். இது எலக்ரீசியன் அளந்து செய்யவேண்டிய வேலை.

பிளக்கைப் போட்டவுடனை வீட்டிலை கரண்ட் போகுது

எது விழுகிறது என்று பாருங்கள். விழுவது ட்ரிப் சுவிச் என்றால் மின் நிலத்துக்குக் கசிகிறது. அது 30 மில்லி அம்பியரில் விழுவது. ஒரு பவர் சப்ளையின் இயல்பான கசிவு 3.5 மில்லி அம்பியருக்குள். ஆகவே தனி ஒன்றால் விழாது. பல கொம்பியூட்டர் ஒரே ட்ரிப் சுவிச்சில் இருக்கும் ரியூசன் அறை என்றால் கூட்டிக் கணக்குப் பாருங்கள். ஒரே ஒன்றுதான் வீழ்த்துகிறது, அதுவும் கார்த்திகை மழைக்குப் பிறகு, கடலோரத்தில் குருநகர் அல்லது ஊர்காவற்றுறைப் பக்கத்து வீடு என்றால், உள்ளே உப்பும் தூசும் ஈரத்தில் ஊறிப்போயிருக்கும்.

விழுவது தனி பிரேக்கர் என்றால் உள்ளே நேர் ஷோட். பல்லி ஒன்று உயர் வோல்ற்றேஜ் பக்கத்தில் கருகிக் கிடப்பதும் உண்டு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்புச் சுவிச் உள்ள பழையது ஒன்றை யாரும் தந்தால், பிளக் போட முன்னம் அது 230இல் நிற்கிறதா என்று பாருங்கள். 115இல் வைத்து எங்கள் கரண்டைக் கொடுத்தால் உள்ளே வோல்ற்றேஜ் இரட்டிப்பாகி, 200 வோல்ற் கப்பாசிற்றர் ஒவ்வொன்றிலும் 325 ஏறும். ஒரு வெடி, அவ்வளவுதான்.

மணக்குது, சத்தம் போடுது

கருகல் மணமோ அழுகிய மீன் போன்ற மணமோ வந்தால் அந்த நிமிசமே பிளக்கைக் கழற்றுங்கள், திரும்பப் போட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம். சுமையில் மட்டும் வரும் மெல்லிய கீச்சு சுருளின் சத்தம், தீங்கில்லை. கரகரப்பு விசிறியின் சத்தம்.

திகதியும் நேரமும் பின்னால் போவதற்குப் பவர் சப்ளையில் பழி போடாதீர்கள். அது மதர்போட்டில் உள்ள சி.ஆர் 2032 பற்றரி. எல்லா விசிறியும் சுற்றி, திரையில் ஒன்றும் வராவிட்டால் முதலில் ராம் என்ற நினைவக அட்டையைக் கழற்றி, பின்னைத் துடைத்துப் போடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால்

பெரிய எழுத்தில் இருக்கும் வாற்றைப் பார்க்க வேண்டாம், லேபிளில் 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். இன்றைய கொம்பியூட்டர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மஞ்சளில் இருந்துதான் இழுக்கிறது. 450 வாற் என்று எழுதி 12 வோல்ற்றில் 18 அம்பியர் என்றால் 12 × 18 = 216 வாற்தான் உங்களுக்கு. மிச்சம் 5, 3.3 வோல்ற்றில், யாருக்கும் உதவாமல் இருக்கும். அதே 450இல் 37 அம்பியர் என்றால் 444 வாற், அதுதான் உண்மையான 450. லேபிளில் அம்பியர் அட்டவணையே இல்லாவிட்டால் விலை கேட்கவும் தேவையில்லை.

தட்டச்சு, கணக்கு, இணையம் என்று ஓடும், 65 வாற் புரொசசர் உள்ள, கிராபிக்ஸ் காட் இல்லாத பெட்டிக்கு உண்மையான 300 வாற் தாராளம். கிராபிக்ஸ் காட் என்றால், ஆர்.எக்ஸ் 6600க்குத் தயாரிப்பாளர் சொல்வது 450 வாற், ஆர்.டி.எக்ஸ் 4060க்கும் 3060க்கும் 550. இந்த எண்கள் நல்ல பவர் சப்ளையை மனதில் வைத்துச் சொன்னவை. 80 பிளஸ் முத்திரை மின் வீணாவதை மட்டும் சொல்லும்: பாதிச் சுமையில் பிரோன்ஸ் 85, கோல்ட் 90 சதவீதம், அதுவும் 115 வோல்ற்றில், 23 பாகை அறையில் எடுத்த அளவு. பாதுகாப்புச் சுற்று உள்ளதா என்று அது சொல்லாது. அலுவலகப் பெட்டிக்குக் கோல்ட் வாங்கும் காசில் யூ.பி.எஸ் பற்றரி மாற்றுவது புத்தி. நாள் முழுக்க ஓடும் பெட்டிக்கு மட்டும் கோல்ட்டின் மிச்சம் பில்லில் தெரியும்.

பாவித்த டெல், எச்.பி, லெனோவா அலுவலகப் பெட்டிகள் வைத்திருப்பவர்கள் கவனம். அவற்றில் பல 24 பின் கனெக்டர் பாவிப்பதில்லை, தங்களுக்கென்று 6, 8, 10, 14 பின் வைத்திருக்கின்றன, பெட்டியின் அளவும் வேறு. பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பூட்டும்போது இரண்டு இடத்தில் தீ பிடிக்கும். ஒன்று, கிராபிக்ஸ் காட்டுக்குக் கேபிள் போதாமல் ஹாட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரில் இருந்து அடப்டர் போட்டு எடுப்பது. சாட்டா 12 வோல்ற்றில் 54 வாற் வரைதான் தாங்கும், 6 பின் காட் 75 வரை கேட்கும், 8 பின் 150. இரண்டாவது, கழற்றிப் பூட்டும் கேபிள். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது வசதியாகத் தெரியும். காட், ஹாட் டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி, பவர் சப்ளைப் பக்கம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மொடல்களே வேறுபடும். பின் பொருந்தும், ஆனால் 5 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 12 வரும், ஹாட் டிஸ்க்கும் அதில் உள்ள படங்களும் ஒரே நேரத்தில் போகும். பழைய கேபிள்களைப் பழைய பவர் சப்ளையோடு ஒரே பையில் கட்டி வையுங்கள்.